நிழற்படமும் ஈயின் பெயரும்

உலகத்துப் பொருள்களை அறிய விரும்புவோன் முதற்கண் வினவுவது அவற்றின் பெயரையே. பெயர் அறியப்பட்ட பின்னரே அப்பொருளைப் பற்றி முன்னையோர் கண்டறிந்து எழுதி வைத்த செய்திகளெல்லாம் நமக்கு உரியனவாகின்றன. பெயரறியாத பொருளோ, அட்டவணையிற் சேர்க்கப்படாது நூலகத்தின் மூலையிற் கிடக்கும் ஏடுபோல, கண்முன் இருந்தும் கைக்கெட்டாததாகவே நின்றுவிடுகின்றது. யானையின் பெயரையும் ஆலமரத்தின் பெயரையும் சிறு குழவியும் சொல்லிவிடும். ஆனால் மூன்று மில்லிமீட்டர் அளவே நீளமுடையதாய், கனிந்த பழத்தின்மேல் வந்தமர்ந்து, கையசைத்த அளவிலே மறைந்துவிடும் ஒரு சிற்றீயின் பெயரைச் சொல்லுதல் கற்றோர்க்கும் எளிதன்று.

இக்காலத்தில் கைபேசியில்லாதார் அரியர். கைபேசி உடையாரெல்லாம் படமெடுக்கும் கருவியும் உடையாராயினர். ஆதலின் தோட்டத்திலோ வயல் வரப்பிலோ கண்ட ஈயொன்றைப் படமெடுத்து, ‘இதன் பெயர் யாது?’ என்று அறிந்தாரை வினவுதல் பெருவழக்காயிற்று. அவ்வினாவிற்கு விடை காணும் முறை யாது, படம் ஒன்றைமட்டும் துணைக்கொண்டு எவ்வளவு தூரம் செல்லலாம், எவ்விடத்தில் நின்றுவிடுதல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். விலங்கியல் பயில்வார்க்குரிய பொருளில் தமிழ் பயிலும் யாம் தலையிடுவது தகுமோ எனச் சிலர் ஐயுறலாம். பழைய ஏடுகளைப் படித்துப் பொருள் காண்பதற்கும், படத்தைப் பார்த்து ஈயின் பெயர் காண்பதற்கும் நெருங்கிய ஒற்றுமை யொன்று உண்டு. அதனை உரிய இடத்திற் காட்டுவோம்.

முதலாவது, படத்திலுள்ள பூச்சி ஈதானா என்று துணிதல் வேண்டும். இவ்விடத்தில் நம் தாய்மொழிச் சொற்களே நம்மை மயக்கக் கூடும். தேனீ என்னும் சொல்லில் ஈ என்னும் பெயர் இருப்பினும், தேனீ விலங்கியலார் வகுத்த ஈக்களின் வரிசையைச் சேர்ந்ததன்று. கொசுவின் பெயரில் ஈ என்பது இல்லையாயினும், கொசு அவ்வரிசையைச் சேர்ந்ததே. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் சிறகுகளின் எண்ணிக்கையாம். தேனீ, குளவி, தும்பி, வண்ணத்துப்பூச்சி, ஈசல் ஆகியவற்றிற்குச் சிறகுகள் நான்கு. ஈக்கும் கொசுவிற்கும் சிறகுகள் இரண்டே. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், குமிழ்போன்ற முனையையுடைய இரு சிறு தண்டுகளே அவற்றிற்கு உள்ளன. பறக்கும்போது உடல் எப்பக்கம் சாய்கின்றது, எப்பக்கம் திரும்புகின்றது என்பதை உணர்ந்து நிலைதவறாது பறத்தற்கு இத்தண்டுகள் உதவுகின்றன. சுவீடன் நாட்டு அறிஞராகிய லின்னேயஸ் என்பார் 1758-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூற்பதிப்பில் இவ்வரிசைக்கு இருசிறகி என்னும் பொருள்படும் டிப்டெரா என்ற பெயரை வழங்கினார். இன்றளவும் இவ்வரிசையில் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன.

சிறகுகளை எண்ணுதல் எளிதன்றோ எனின், படத்தில் அஃது அத்துணை எளிதன்று. தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொக்கிகளாற் பிணைக்கப்பட்டு ஒன்றுபோல் அசைவன. ஆதலின் நான்கு சிறகுகள் படத்தில் இரண்டாகவே தோன்றுதல் கூடும். இந்நிலையில் உணர்கொம்புகளை நோக்குதல் வேண்டும். தேனீக்கும் குளவிக்கும் உணர்கொம்புகள் நீண்டு, பல கணுக்களையுடையனவாய், முழங்கைபோல வளைந்திருக்கும். நாம் பொதுவாக ஈ என்று சொல்லுபவற்றிற்கோ, அவை மிகக் குறுகி, முகத்தின் நடுவே ஒட்டியிருக்கும். அவற்றின்மேல் நுண்ணிய மயிரொன்று நீண்டு நிற்கும். கண்களும் ஈக்குத் தலையின் பெரும்பகுதியை மூடியனவாக இருக்கும்.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் தீங்கு சிறிதன்று. பூக்களின்மேல் அந்தரத்திலே அசையாது நின்று பறக்கும் ஈக்கள் சில, மஞ்சளும் கருமையுமாகிய பட்டைகளையுடையனவாய், குளவியைப் போலவே வேடம் பூண்டிருக்கும். அவற்றிற்குக் கொடுக்கு இல்லை. அவை எவரையும் துன்புறுத்துவதில்லை. அவற்றுட் பலவற்றின் புழுக்கள் செடிகளின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளைத் தின்று உழவனுக்கு ஊதியமின்றி உழைப்பன. இவற்றைக் குளவியென்று கருதி அடித்துக் கொல்லும் மனிதன், தன் தோட்டத்துக் காவலாளனைத் தானே கொல்லுகின்றான். இவ்வீக்களைத் தெளிவான படமொன்றிலே துணிந்துவிடலாம். இவற்றின் சிறகில், எந்நரம்போடும் இருமுனையிலும் சேராது இடைநடுவே தனித்துக் கிடக்கும் கோடொன்று உண்டு. பார்வைக்கு நரம்புபோலத் தோன்றினும் அது சிறகின் மடிப்பேயாதலின், அதனை அறிஞர் பொய்நரம்பு என்பர். இங்குப் படமே போதிய சான்றாகின்றது.

பூச்சி ஈதான் என்று துணிந்தபின், அஃது எக்குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். இதற்குச் சிறகின் நரம்புகளே பெரிதும் துணைசெய்வன. ஒவ்வொரு குடும்பத்திற்கும் நரம்புகள் ஓடும் முறையும், கிளைக்கும் இடமும், முன்விளிம்பிலுள்ள முறிவுகளும் தனித்தனியே அமைந்துள்ளன. அன்றியும் தலையிலும் மார்பிலுமுள்ள விறைத்த மயிர்கள் எத்தனை, அவை எத்திசை நோக்கிச் சாய்ந்துள்ளன என்பனவும் கணக்கிடப்படும். ஈக்களுட் பலவற்றில் ஆணின் கண்கள் தலையுச்சியில் ஒன்றையொன்று தொட்டுநிற்கும். பெண்ணின் கண்களுக்கிடையே இடைவெளி யிருக்கும். இவ்வாறு ஓரடையாளத்திலிருந்து மற்றோரடையாளத்திற்கு, கிளைவிடும் வழியில் இடமோ வலமோ தெரிந்து செல்வான்போலச் சென்று, இறுதியில் ஒரு பெயரை அடைவதே முறையாகும். வழியில் ஓரிடத்தில் தவறினும், பின்னர் எத்துணைக் கருத்தோடு நடந்தாலும் சென்றடைவது வேற்றூரேயாம்.

இனி, இம்முறையை ஓர் உண்மையான எடுத்துக்காட்டில் வைத்து நோக்குவோம். கனிந்த வாழைப்பழத்தை ஓரிரு நாள் வெளியில் வைத்தால், செந்நிறக் கண்களையுடைய மிகச் சிறிய ஈக்கள் எங்கிருந்தோ வந்து மொய்ப்பதை யாவரும் கண்டிருப்பர். இவை டிரோசோபிலா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. பாரம்பரியத்தின் இயல்பை ஆராய்வார் நூறாண்டிற்கு மேலாக ஆய்வுக்கூடங்களில் வளர்த்துவரும் புகழ்பெற்ற ஈ இப்பேரினத்ததே. தமிழில் இதனைப் பழ ஈ என்பது வழக்கம். ஆனால் மாங்கனியைத் துளைத்து முட்டையிட்டு உழவர்க்குப் பேரிழப்பை விளைக்கும் பாக்ட்ரோசெரா என்னும் ஈயையும் தமிழில் பழ ஈ என்றே வழங்குகின்றோம். இவை இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. பின்னது உருவத்தில் பெரியது, குளவிபோன்ற தோற்றமுடையது. ஒரு பெயர் இருபொருளைக் குறித்தலால் பேச்சில் மயக்கம் நேரினும், படத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்தல் எளிதே.

டிரோசோபிலா என்னும் பேரினத்தளவும் நல்ல படம் நம்மை அழைத்துச் செல்லும். அதற்குமேல் செல்லுதலே அரிது. அப்பேரினத்தில் மட்டும் ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள. அவற்றுள் மெலனோகாஸ்டர் என்பதும் சிமுலன்ஸ் என்பதும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒத்திருப்பன. மெலனோகாஸ்டர் என்னும் பெயரை ஜெர்மானிய அறிஞர் மைகன் என்பார் 1830-இல் இட்டார். சிமுலன்ஸ் என்பது தனிச் சிற்றினமென்று அமெரிக்க அறிஞர் ஸ்டர்ட்டிவன்ட் என்பார் வெளியிட்டது 1919-ஆம் ஆண்டிலேதான். இவ்வீக்களையே நாள்தோறும் நுண்ணோக்கியில் கண்டு எண்ணிக்கொண்டிருந்த ஆய்வாளர் நடுவே வாழ்ந்தும் அது வேறென்று உணரப்படாது இருந்தது. இவ்விரண்டையும் கலந்து ஈன்ற குஞ்சுகள் இனம்பெருக்கும் ஆற்றலற்றனவாய் இருந்தமையே இவை வேறென்பதற்குப் பெருஞ்சான்றாயிற்று. ‘ஒன்றைப்போல் நடிப்பது’ என்னும் பொருளுடைய சிமுலன்ஸ் என்ற பெயர் அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது. இவ்விரண்டன் ஆண்களையும் வயிற்றின் கடைக்கோடியிலுள்ள இனப்பெருக்க உறுப்பின் வடிவங்கொண்டு, நுண்ணோக்கியின் துணையால் வேறுபடுத்தலாம். பெண்களையோ உருவங்கொண்டு வேறுபடுத்தல் மிக அரிது. ஆதலின் வாழைப்பழத்தின்மேல் அமர்ந்த பெண்ணீ யொன்றை மேலிருந்து எடுத்த படத்தைக் காட்டி, ‘இவ்விரண்டனுள் இது யாது?’ என்று கேட்பின், உண்மையறிந்தவன் கூறும் விடை ‘இப்படத்தால் சொல்லவியலாது’ என்பதேயாம்.

இத்துணை நுட்பமாகப் பெயரறிவதனால் விளையும் பயன் யாதென்று கேட்பார் உளர். அதற்கு விடையாக இப்பேரினத்தின் மற்றொரு சிற்றினத்தை நோக்குவோம். சுசுக்கி என்னும் பெயருடைய ஈயை ஜப்பானிய அறிஞர் மட்சுமுரா என்பார் 1931-இல் பெயரிட்டு வெளியிட்டார். நெடுங்காலம் ஆசியாவின் கிழக்குப் பகுதியோடு தொடர்புடையதாகவே அறியப்பட்டிருந்த இவ்வீ, 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும், ஐரோப்பாவில் ஸ்பெயின், இத்தாலி ஆகிய நாடுகளிலும் காணப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளிலேயே அவ்விரு கண்டங்களிலும் பரவி, ஸ்ட்ராபெரி, செர்ரி, ராஸ்பெரி முதலிய மென்கனிகளைப் பயிரிடுவார்க்குப் பெரும் அச்சமாய் முடிந்தது.

அதற்குக் காரணம் இது. இப்பேரினத்தைச் சேர்ந்த ஏனைய ஈக்களுட் பெரும்பாலன, அழுகத் தொடங்கிய பழத்திலேயே முட்டையிடுவன. அவை கேட்டிற்குக் காரணமல்ல. கெட்டபின் வந்துசேரும் விருந்தினரே. சுசுக்கியின் பெண்ணீயோ, முட்டையிடும் குழலில் வாள்போன்ற பற்களையுடையது. செடியில் தொங்கிக் கனிந்துகொண்டிருக்கும் நல்ல பழத்தின் தோலை அப்பற்களால் அறுத்து உள்ளே முட்டையிடும். வெளியே சிறு துளையன்றி வேறொன்றும் தோன்றாது. புழுக்கள் உள்ளே வளர, பழம் குழைந்துவிடும். ஆகவே தோட்டக்காரன் தன் கனிகளின்மேல் கண்ட ஈயின் பெயர் சுசுக்கியா அன்றா என்பது அவனுக்கு வெறும் கல்வி விளையாட்டன்று. அவன் அவ்வாண்டு கடனடைப்பானா அல்லனா என்பதே அதனைப் பொறுத்தது. அல்லாததை அதுவென்று கருதினால், தீங்கற்ற ஈக்களின்மேல் நஞ்சு தெளித்து, பொருளையும் இழந்து, பயன்செய்யும் பூச்சிகளையும் மாய்ப்பான். அதனை அல்லாததென்று கருதினால், விளைச்சல் முழுவதையும் இழப்பான்.

இவ்வீயைப் படத்தால் அறியலாமோ எனின், ஆணீயாயின் பெரும்பாலும் அறியலாம். ஆணின் ஒவ்வொரு சிறகிலும் முனையையடுத்து முன்விளிம்பில் கருநிறப் புள்ளியொன்று உண்டு. முன்காலின் அடிக்கணுக்களில் நுண்ணிய சீப்புப்போன்ற கருமயிர் வரிசைகளும் உண்டு. படத்தில் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் சுசுக்கியென்று ஐயுறுதற்குப் போதிய காரணம் உண்டு. ஆயினும் அவ்வளவிலே துணிதல் கூடாது. இந்தியாவில் காணப்படும் பயார்மிப்பஸ் என்னும் சிற்றினத்தின் ஆணுக்கும் சிறகில் அத்தகைய புள்ளி உண்டு. காற்சீப்புகளின் அமைப்பையும் ஒப்புநோக்கிய பின்னரே ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தல் தகும்.

புள்ளி இல்லையாயின், அது சுசுக்கி அன்றென்று கூறிவிடலாமோ? கூறலாகாது. பெண்ணீக்குச் சிறகிற் புள்ளி இல்லை. அதன் அடையாளம் வாள்போன்ற முட்டைக் குழலே. அக்குழலோ பெரும்பாலும் வயிற்றினுள் அடங்கியிருத்தலின் படத்தில் தோன்றாது. ஆணீயிலுங்கூடக் கூட்டினின்று வெளிவந்தவுடன் புள்ளி இராது. நேரம் செல்லச் செல்லவே அது கருமை பெற்று விளங்கும். ஆதலின் புள்ளியுண்மை ஒரு சான்று; புள்ளியின்மை சான்றாகாது. படம்பார்த்துப் பெயர் சொல்லுவார் யாவரும் மறவாது உள்ளத்தில் இருத்தவேண்டிய உண்மை இதுவே: படத்தில் காணப்படாமை வேறு; பொருளில் இல்லாமை வேறு.

யாம் முன்னர்க் குறித்த ஒற்றுமையை ஈண்டுக் காட்டுவோம். பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், மெய்யெழுத்திற்குரிய புள்ளியைப் பெரும்பாலும் இடாமலே எழுதிச் சென்றனர். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு தோன்ற எழுதுவதும் இல்லை. ஆகவே ஏட்டில் எரி என்று காணப்படும் சொல் நெருப்பைக் குறிக்கும் எரியாகவும் இருக்கலாம். நீர்நிலையைக் குறிக்கும் ஏரியாகவும் இருக்கலாம். புள்ளி இல்லாமையால் அது மெய்யெழுத்தன்று என்று கொள்ளும் மாணவன் ஒருவரியும் சரியாகப் படிக்க மாட்டான். ஏட்டைப் படிப்போன், முன்பின் வந்த சொற்களையும், யாப்பையும், இடத்தையும், வேறு படிகளையும் ஒப்புநோக்கியே துணிகின்றான். அவ்வளவிலும் துணியவியலாத இடத்தில், நல்ல பதிப்பாசிரியன் தனக்கு விருப்பமானதொன்றை எழுதி மற்றதை மறைத்துவிடுவதில்லை. பாடபேதமென்று இரண்டையும் காட்டிப் படிப்போர் அறிய வைக்கின்றான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையரவர்களின் பதிப்புகளை இன்றும் கற்றோர் நம்பிக் கையாளுதற்கு, இத்தகைய நேர்மையே ஒரு பெருங்காரணம். நிழற்படமும் புள்ளியிடாத ஏடு போன்றதே. இரண்டையும் படிப்போனுக்கு வேண்டியது கூரிய கண்மட்டுமன்று. துணியலாகாதவிடத்தில் துணியாத மனமும் வேண்டும்.

நிற்க. படமெடுப்போர் சிறிது கருத்துடையராயின், பெயரறிவார்க்குப் பெருந்துணை செய்யலாம். ஒரே படம் எத்துணை அழகாயிருப்பினும் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்திற்கு நேரே ஒன்று, சிறகு விரிந்த நிலையில் ஒன்று என இயன்றவளவு பல படங்கள் வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் சிறகின் நரம்புகள் விளங்கும், கால்கள் மறைந்துவிடும். பக்கவாட்டிற் கால்களும் மார்பின் மயிர்களும் விளங்கும். முகத்தில் கண்களின் இடைவெளியும் உணர்கொம்பின் வடிவும் விளங்கும். ஈ சன்னற் கண்ணாடியில் அமர்ந்திருப்பின், கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து அதன் அடிப்பக்கத்தையும் படமெடுக்கலாம். குளிர்ந்த வைகறை வேளையில் பூச்சிகள் சோம்பியிருத்தலின், நண்பகலினும் அப்பொழுது படமெடுத்தல் எளிது.

அளவைக் காட்டுதலும் இன்றியமையாதது. படத்தைப் பெரிதாக்கின் கொசுவும் கழுகளவாகத் தோன்றுமன்றோ? ஈ பறந்து சென்றபின்னரும், அஃது அமர்ந்திருந்த இடத்தில் அளவுகோலொன்றை வைத்து, அதே தொலைவிலிருந்து மற்றொரு படம் எடுத்துக்கொண்டால் அதன் நீளத்தை ஒருவாறு கணக்கிடலாம். அன்றியும் நாள், ஊர், செடியின் பெயர், ஈ என்செய்துகொண்டிருந்தது என்பவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். அழுகிய பழத்தின்மேல் மொய்த்திருந்ததா, செடியிற் பழுக்கும் நல்ல கனியின்மேல் அமர்ந்திருந்ததா என்னும் ஒரு குறிப்பு, மங்கலான பத்துப் படங்களினும் மிகுந்த ஒளி தருவதாகும்.

படத்தை அழகுபடுத்துதலினும் ஒரு கேடு உண்டு. கைபேசிகள் பல, எடுத்த படத்தைத் தாமே மெருகிட்டு வழுவழுப்பாக்கிக் காட்டும் இயல்பின. மனிதர் முகத்திற்கு அஃது ஏற்புடையதாகலாம். ஈயின் முகத்திலோ, அவ்வாறு துடைக்கப்பட்ட நுண்மயிர்களே அதன் குடும்பத்தைச் சொல்லும் எழுத்துகளாம். ஆதலின் மெருகிடாத முதற்படத்தை அழிக்காது காத்துவைத்தல் நன்று.

படத்தைக் கண்டவுடன் பெயர் கூறும் கணிப்பொறி நிரல்களும் இக்காலத்தில் வழங்குகின்றன. முன்னரே பெயரிடப்பட்ட எண்ணிறந்த படங்களைக் காட்டிப் பயிற்றப்பட்ட அவை, புதிய படத்தை அவற்றோடு ஒப்பிட்டு நெருங்கியதொரு பெயரைத் தருவன. தேடும் எல்லையைச் சுருக்குதற்கு இவை மிகவும் பயன்படுவன என்பதை மறுப்பார் இலர். எனினும் பயிற்றப்படாத சிற்றினத்தின் பெயரை அவை கூறவியலாது. கற்றவற்றுள் அதனை ஒத்த பிறிதொன்றையே காட்டும். படத்தில் இல்லாத அடையாளத்தை அவையும் காணமாட்டா. ஆகவே அவை தரும் பெயரை விடையென்று கொள்ளாது, ஆராயத் தொடங்குதற்கு ஒரு வாயில் என்று கொள்ளுதலே அறிவுடைமை.

நிழற்படத்தின் மதிப்பைப் பற்றி அறிஞரிடையேயும் பெரியதொரு வாதம் நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவில் காணப்பட்ட ஈயொன்று, மரந்துளைக்கும் கருந்தேனீயைப் பெரிதும் ஒத்திருந்தது. அதனை ஆராய்ந்த மார்ஷல், இவன்ஹூயிஸ் என்னும் இருவர், அதன் உடலெதனையும் காட்சிசாலையிற் சேமித்து வையாமலே, நிழற்படங்களைமட்டும் ஆதாரமாகக் கொண்டு, மார்லியிமியா சைலோகோபே என்னும் புதிய பெயரை 2015-இல் வெளியிட்டனர். அரிய உயிர்களைக் கொல்லாமலே அறிதல் கூடுமென்பது அவர் கருத்து. மறு ஆண்டிலேயே நானூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு இம்முறையை மறுத்தனர். சேமித்துவைத்த உடல் இருந்தால், இன்று நாம் கேட்க அறியாத வினாவை நாளை வருவோர் அதனிடம் கேட்கலாம். படமோ, எடுத்தவன் காட்டியதற்குமேல் ஒன்றும் சொல்லாது என்பது இவர்தம் கருத்து.

இவ்விரு கருத்திற்கும் நடுவே இசைவானதொரு வழியைக் காட்டும் நிகழ்ச்சி மலேசியாவில் நடந்தது. ஆங்குக் காட்டில் ஒருவர் எடுத்து யாவரும் காண வெளியிட்ட பூச்சிப் படமொன்று, கலிபோர்னியாவிலிருந்த அறிஞர் ஒருவர் கண்ணிற் பட்டது. அஃது ஈயன்று, சல்லாத்துணி போன்ற நான்கு சிறகுகளையுடைய பச்சைப் பூச்சியாகும். அதன் சிறகிலிருந்த கோலம் அவர் அறிந்த எச்சிற்றினத்தோடும் பொருந்தவில்லை. ஆயினும் அவர் படத்தைமட்டும் நம்பிப் பெயரிட்டாரல்லர். அப்பூச்சியின் உடலொன்று கிடைத்து, அது லண்டன் மாநகரத்து இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் ஆராயப்பட்ட பின்னரே, 2012-இல் செமாக்ரைசா ஜேட் என்னும் பெயர் வழங்கப்பட்டது. படம் வினாவை எழுப்பிற்று, உடல் விடையளித்தது. படம் எடுத்தவர் தொழிலால் விலங்கியல் அறிஞர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. கூர்ந்து நோக்கும் கண்ணுடைய எவரும் அறிவு வளர்ச்சிக்குத் துணைநிற்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதுகாறும் கூறியவற்றால், படத்திலிருந்து பெயரறிதல் வீண்செயலென்று எவரும் கருதற்க. சில ஈக்களைப் படத்தாலேயே சிற்றினமளவும் துணியலாம், சிலவற்றைப் பேரினமளவும், சிலவற்றைக் குடும்பமளவும் துணியலாம். ‘இது டிரோசோபிலா, எச்சிற்றினமென்று இப்படம் சொல்லவில்லை’ என்று கூறும் விடை அரைகுறையான விடையன்று, அப்படத்தில் அடங்கிய அறிவு முழுவதையும் கூறிய நிறைந்த விடையே அது. அதற்கு மேற்பட்டு ஒரு பெயரைச் சேர்த்துக் கூறுவது அறிவை வளர்ப்பதாகாது; ஐயத்தை மறைப்பதேயாகும். ஐயமென்று எழுதிவைத்த குறிப்பைப் பின்னர் வருவோர் தீர்ப்பர். துணிந்து எழுதிய பொய்ப்பெயரையோ, ஒருவர் பார்த்து மற்றொருவர் எழுத, அது பெருகிக்கொண்டே செல்லும்.

நம் கல்லூரியின் தோட்டத்திலும், விடுதியின் பின்புறத்திலும், ஊருக்குச் செல்லும் வழியிலும் பெயரறியாத சிற்றுயிர்கள் எத்துணையோ உள. நம் மாணவ நண்பர்கள் ஓய்வுநேரத்தில் அவற்றைப் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து, விலங்கியற் பகுதி ஆசிரியர்களிடம் காட்டி ஆராய்வார்களாயின், அதனால் தமக்கும் இன்பமுண்டு, பின்வருவார்க்கும் பயனுண்டு. அக்குறிப்புகளில் பெயர் எழுதவேண்டிய இடங்கள் சில வெறுமையாகவே இருக்கக்கூடும். அது பற்றி நாணவேண்டுவதில்லை. படம் காட்டிய அளவில் எழுதி, காட்டாததை வருவோர்க்கு விட்டுவைப்பதே முறை.